சிற்றாற்றுக் கணக்கு

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிப் பக்கத்து விவசாயிகள் நாங்கள் குளத்தைத்தான் நினைப்போம். குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேருமுன் அணைக்கட்டு, கால்வாய், குளம் என்று தங்கித் தங்கிப் போகும். முன்பெல்லாம் தூர்வார ஊரே மண்வெட்டியோடு இறங்கும், அதுதான் குடிமராமத்து.

தாத்தா கமலை இறைத்தார். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். அப்பா மோட்டார் போட்டார். 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. அந்தச் செலவை அரசு மானியமாக ஏற்கிறது. எங்களுக்கோ இறைப்புக்கு அளவே இல்லாமல் போனது. குளம் கவனிப்பாரற்றுப் போக, போர்வெல் ஆழமானது.

மேலே அந்த மலையில் கோடையில் காட்டுத்தீ. புல்லும் சருகும் எரிந்த சரிவில் மழை தங்காது, மண்ணோடு ஓடிவிடும். 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குக் காவல் வந்தது.

தீத்தடுப்புக் கோடு வனத்துறைக்கு, குளம் நீர்வளத்துறைக்கு, மோட்டார் மின்வாரியத்துக்கு என்று பிரித்தே பழகிவிட்டோம். மூன்றையும் ஒரே கணக்கில் எழுதாதவரை சிற்றாறு தேறாது.