காகிதம் சிக்கிய கதை

1980-ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்து சேர்ந்தது. வேகமாக அச்சடித்தது, அடிக்கடி காகிதமும் சிக்கியது. பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குச் சேதி போகும்படி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதிலும் அதைச் செய்ய மூலநிரல் வேண்டும். அதை வைத்திருந்த கார்னகி மெலன் ஆய்வாளரிடமே நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் கையை விரித்தார். ஸ்டால்மன் பேசாமல் திரும்பினார். கோபம் மட்டும் ஆறவேயில்லை.

1983-இல், யாரும் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளுக்காக, குனூ திட்டத்தை அறிவித்தார். 1989-இல் உரிமம் எழுதினார்: எடுக்கலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம், ஆனால் திருத்தியதைப் பரப்பும்போது அதே சுதந்திரத்தை அடுத்தவருக்கும் தரவேண்டும். மென்பொருளோடு வரும் கையேடுகளுக்காக 2000-இல் இன்னோர் உரிமம் வந்தது. கையேட்டின் அளவுக்குத் தைத்த சட்டை. அதை ஒரு யானை வந்து மாட்டிக்கொள்ளும் என்று யார் கண்டார்?

2001 ஜனவரி 15-இல் பிறந்த விக்கிப்பீடியாதான் அந்த யானை. சட்டை இறுக்கிப் பிடித்தது. ஒருபக்கக் கட்டுரையை அச்சிட்டுக் கொடுத்தாலும் பல பக்க உரிமத்தை முழுதாகச் சேர்க்கவேண்டும். திருத்தி எழுதினால் முக்கிய ஆசிரியர்கள் குறைந்தது ஐவரின் பெயரை முகப்பில் போடவேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிவந்தன. அவற்றுக்குப் பெயரும் ஒரு சுட்டியும் போதும். ஆனால் மாறுவது எப்படி? தகவல் யாருக்கும் சொந்தமில்லை. வாக்கியம் எழுதியவருக்குச் சொந்தம். நாலு சொல்லை மாற்றிப் போட்டாலும் அது மாறிவிடாது. எழுதியவர்களோ உலகெங்கும், பலர் புனைபெயரில். ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க முடியுமா?

சாவி பழைய உரிமத்துக்குள்ளேயே கிடந்தது. ‘இந்தப் பதிப்பு அல்லது இனி வரும் பதிப்பு’ என்ற நிபந்தனையில்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஆக, புதுப் பதிப்பு ஒன்று வந்தால் போதும். 2008 நவம்பரில் ஸ்டால்மனின் அமைப்பு அந்த உரிமத்தின் 1.3 பதிப்பை வெளியிட்டது. விக்கித் தளங்கள் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறிக்கொள்ள அதில் ஒரு கதவு. 2009 ஆகஸ்டு 1-க்குள் நுழையவேண்டும், தவறினால் அடைத்துவிடும்.

மாறலாமா என்ற கேள்விக்கு விக்கிப்பீடியர்கள் 17,000-க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். அந்த ஜூனில் விக்கிப்பீடியா மாறியது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், யாரும் படிக்காத பொடி எழுத்தில் இன்றும் நிற்கிறது அந்த உரிமவரி. அங்கிருந்து எடுத்துத் திருத்தி வெளியிடத் தடையில்லை, காசு வாங்கி விற்கவும்தான். மூலத்தைச் சொல்லவேண்டும், மாற்றியிருந்தால் அதையும் சொல்லவேண்டும், புதுப் பிரதியையும் அதே உரிமத்தில் விடவேண்டும்.