ரஞ்சிக் கோப்பை 1954-55: தோத்தா மூட்டை கட்டு!

சேலம் ஜில்லாவுல டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடினவங்களுக்கு நாக்-அவுட்னா என்னன்னு பாடம் எடுக்க வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம் கட்டு, ஆடு, ஜெயிச்சா அடுத்த மேட்ச், தோத்தா டெம்போவுல ஏறி ஊர் போய்ச் சேரு. அவ்ளோதான். காலையில ஏற்காட்டுல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி இறங்கி வந்த டீம், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள அதே வளைவுகள்ல திரும்பி ஏறலாம். "போன வாரம் நாங்க நல்லா ஆடினோமே"ன்னு யார்கிட்டயும் அப்பீல் பண்ண முடியாது.

நம்ம நடராஜன் வந்தது இந்த டென்னிஸ் பால் உலகத்துல இருந்துதான். சின்னப்பம்பட்டியில ஆடிட்டு இருந்தவர், 2015 ஜனவரியில தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடினார். 2020 டிசம்பர்ல இந்திய அணி, 2021 ஜனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் போய்ச் சேர்ந்த அந்த ரஞ்சிக் கோப்பையே ஒரு காலத்துல நம்ம ஊர் டோர்னமென்ட் மாதிரிதான் நடந்துச்சுங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆமாம் மக்களே. 1934-35ல ஆரம்பிச்சு 1956-57 வரைக்கும், 23 சீசன், ரஞ்சி முழுக்க முழுக்க நாக்-அவுட். மண்டலத்துக்குள்ள லீக் முறை வந்ததே 1957-58லதான். அதுக்கு முன்னாடி ஒரு மேட்ச் தோத்தா அந்த வருஷம் முடிஞ்சது. மேட்ச் டிரா ஆச்சுன்னா முதல் இன்னிங்ஸ்ல யார் அதிக ரன்னோ அவங்க அடுத்த சுற்றுக்கு. புள்ளிப் பட்டியல், ரன் ரேட் கணக்கு எதுவும் கிடையாது. (எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா பேக்கப்பே இல்லாத சர்வர்!)

மதராஸ் அணி இந்த முறையில கோப்பைக்காக இருபது வருஷம் அலைஞ்ச கதைதான் இந்தப் பதிவு.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம். ரஞ்சி வரலாற்றோட முதல் மேட்ச்சே நம்ம சேப்பாக்கத்துலதான். 1934 நவம்பர் 4, மதராஸும் மைசூரும். முதல் பந்து போட்டவர் எம்.ஜே. கோபாலன். (இவர் ஹாக்கியிலயும் இந்திய வீரர். 1936ல பெர்லின் ஒலிம்பிக்ஸா, இங்கிலாந்து கிரிக்கெட் டூரான்னு வந்தப்ப கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி டீம் தங்கம் வாங்கிச்சு. இவருக்கு இங்கிலாந்துல ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கல. தனிப் பதிவே போடலாம்.)

மைசூர் 48 ஆல் அவுட். மதராஸ் 130. திரும்ப மைசூர் 59 ஆல் அவுட். எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு! இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்துல வெற்றி. இந்த வேலையைப் பண்ணவர் ஏ.ஜி. ராம் சிங். அமிர்தசரஸ்ல பிறந்து மதராஸ்காரராவே ஆகிப்போன இடது கை சுழல் பந்து வீச்சாளர். ரெண்டு இன்னிங்ஸும் சேர்த்து 35 ரன் கொடுத்து 11 விக்கெட். அன்னிக்கு அவர் பையன் கிருபால் சிங்குக்கு ஒண்ணே கால் வயசு. இந்தக் குழந்தையை ஞாபகம் வெச்சுக்கங்க.

இப்படி ஆரம்பிச்ச டீம் சீக்கிரமே கோப்பை வாங்கியிருக்கணும் இல்லையா? 1935-36ல ஃபைனல் போச்சு. டெல்லியில பம்பாய்கிட்ட 190 ரன்ல தோல்வி. 1940-41ல மறுபடி ஃபைனல், இந்த முறை மதராஸ்லயே. அப்ப இந்திய கிரிக்கெட் வாரியத்தோட தலைவர் யார் தெரியுமா? நம்ம பக்கத்துக்காரர், திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன், டாக்டர் பி. சுப்பராயன். 1926-30ல மதராஸ் மாகாணத்தோட முதல் மந்திரியா இருந்தவர். சொந்த ஊர், சொந்த ஜனம், வாரியத் தலைவரும் நம்மாளு. எதிரே ஐம்பது வயசை நெருங்கிட்டிருந்த தேவதர் தலைமையில மகாராஷ்டிரா வந்து ஆறு விக்கெட்ல ஜெயிச்சுட்டுப் போயிட்டாங்க. நாக்-அவுட்டுக்கு உள்ளூர்க்காரன், ஜமீன்தார் எல்லாம் ஒண்ணுதான் :)

அப்புறம்தான் 1954-55. ரஞ்சியோட 21வது சீசன். கேப்டன் பாலு அழகனன் (பின்னாடி ரேடியோ வர்ணனையாளரா பிரபலமானவர்). டீம்ல 21 வயசு ஏ.ஜி. கிருபால் சிங். அதே ராம் சிங்கோட பையன்!

அந்த சீசன்ல கிருபால் அடிச்சது மொத்தம் 636 ரன். திருவாங்கூர்-கொச்சிக்கு எதிரா 208. அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பிடிச்சது அடுத்த நாலு ஸ்கோர்தான். அரையிறுதியில வங்காளத்துக்கு எதிரா 98, 97. ஃபைனல்ல 75, 91. நாலு இன்னிங்ஸ், 361 ரன், ஒரு செஞ்சுரி கூட இல்லை! ரெண்டு ரன்ல ஒண்ணு, மூணு ரன்ல ஒண்ணு போச்சு. இன்னிக்கா இருந்தா "செஞ்சுரியைத் தவறவிட்டார்"னுதான் தலைப்பு போட்டிருப்போம். ஆனா தோத்தா மூட்டை கட்டணும்ங்கற ஆட்டத்துல செஞ்சுரி ஒரு அலங்காரம்தான். நாலு தடவையும் நின்னு ஆடினாரே, அதுதான் டீமைக் காப்பாத்துச்சு.

ஃபைனல் நடந்தது இந்தூர்ல, ஹோல்கர் அணியோட சொந்த மண்ணுல. ஹோல்கர்னா சும்மா இல்லைங்க. இந்தூர் மகாராஜாவோட ஆதரவுல வளர்ந்த டீம். சி.கே. நாயுடு, முஷ்டாக் அலி எல்லாம் ஆடின டீம். 1944-45 ஃபைனல்ல இங்கிலாந்தோட டெனிஸ் காம்ப்டனே இவங்களுக்காக ஆடி 249 நாட் அவுட் அடிச்சிருக்கார். 11 சீசன்ல 10 ஃபைனல், நாலு கோப்பை. அப்படிப்பட்ட டீமை அவங்க ஊர்லயே மதராஸ் ஜெயிச்சது 46 ரன்ல. கிருபால் ரெண்டு இன்னிங்ஸ்ல அடிச்ச 166 ரன்னோட ஏழு விக்கெட்டும் எடுத்தார். அந்த 46ஐ இந்த 166 பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஆட்டம் எங்க முடிவாச்சுன்னு புரியும்.

மதராஸுக்கு முதல் கோப்பை. ஹோல்கருக்கு அதுவே கடைசி சீசன். சமஸ்தானம் 1948லயே மத்திய பாரதத்துல சேர்ந்தாச்சு, பேர் மட்டும் கிரிக்கெட்ல தொங்கிட்டிருந்தது. அடுத்த வருஷம் அந்தப் பேரும் போச்சு. ஒரு டீம் ஆடின கடைசி மேட்ச் ஒரு ஃபைனல், அதுவும் 46 ரன்ல தோல்வி. எதிரணிதான்னாலும் மனசு கொஞ்சம் கனக்குது.

கிருபாலுக்கு பலன் உடனே கிடைச்சது. 1955 நவம்பர்ல ஹைதராபாத்ல நியூசிலாந்துக்கு எதிரா முதல் டெஸ்ட், முதல் டெஸ்ட்லயே 100 நாட் அவுட்! அப்பா ராம் சிங்குக்கு ஒரு டெஸ்ட் கூடக் கிடைச்சதில்லை. ஆனா வீட்டுல ரெண்டு பேர் டெஸ்ட் ஆடினாங்க, கிருபாலும் தம்பி மில்கா சிங்கும்.

சிலர் கேப்பாங்க: நாக்-அவுட் நியாயமான முறையா? ஒரு மோசமான நாளை வெச்சு ஒரு வருஷத்தையே கழிச்சுக் கட்டலாமான்னு. லீக்தான் நியாயம், ஒத்துக்கறேன். ஆடறவனுக்கு இன்னொரு வாய்ப்பு வேணும். சின்னப்பம்பட்டி மாதிரி ஊர்ல இருந்து வர்றவனுக்கு ரெண்டு மடங்கு வேணும். ஆனா லீக் வந்ததால மட்டும் நமக்குக் கோப்பை கொட்டிடல. அடுத்தது கிடைக்க 33 வருஷம் ஆச்சு. 1987-88ல வாசுதேவன் தலைமையில சேப்பாக்கத்துல ரயில்வேஸை ஜெயிச்சோம். அதுக்கப்புறமும் ஃபைனல் வரைக்கும் பல தடவை போயிருக்கோம், மூணாவது கோப்பை இன்னும் வரல.

அந்த ரெண்டாவது கோப்பையைப் பார்க்க கிருபால் இல்லை. 1987 ஜூலையில, 53 வயசுல காலமாயிட்டார். ராம் சிங் இருந்தார். 1999 வரைக்கும் வாழ்ந்தார். முதல் மேட்ச்ல 11 விக்கெட் எடுத்த மனுஷன், தமிழ்நாடு வாங்கின ரெண்டு கோப்பையையும் பார்த்துட்டுதான் போனார்.

இப்ப வாழப்பாடி பக்கத்துல, சேர்வராயன் மலைக்குக் கீழேயே பெரிய கிரிக்கெட் மைதானம் இருக்கு. 2020ல டிராவிட் வந்திருந்து திறந்தாங்க. அடுத்த தடவை அங்க மேட்ச் பார்க்கப் போறவங்க, கூட வர்ற பசங்களுக்கு அந்த 98, 97, 75, 91 கதையைச் சொல்லுங்க. அந்த நாலு இன்னிங்ஸ்லயும் கிருபால் செஞ்சுரி அடிக்காமலே ஒரு கோப்பை வந்த கதைன்னு.