சாட்சிக் கூண்டில் ஒரு கவிதை – 7: உயில்

1942 கோடை. லுவூஃப் நகரில் யப்வொனோவ்ஸ்கி தெரு, 8ஏ எண் கட்டடத்துக்குள் ஜெர்மன் போலீஸ் நுழைந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

ஸுஸன்னா கின்சான்கா சிக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. வந்தவர்கள் குத்துமதிப்பாகத் தேடவில்லை. துப்புக் கிடைத்துத்தான் வந்திருக்கிறார்கள். துப்புக் கொடுத்தது யார்? கட்டடத்தைப் பராமரித்துவந்த ஸோஃபியா ஹொமினோவா. கின்சான்காவுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

இந்த வாரம் புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக இரண்டு வரி. கின்சான்கா 1917-ல் கீவ் நகரில் பிறந்த யூதப் பெண். ரோவ்னோவில் பாட்டியிடம் வளர்ந்தார். வீட்டில் ரஷ்ய மொழி இருந்தும் கவிதைக்குப் போலிஷ் மொழியைத் தானாகத் தேர்ந்தெடுத்தார். வார்சாவின் இலக்கியக் காபிக் கடைகள் கொண்டாடிய இந்த இளம் கவிஞருக்குப் போலந்து கடைசிவரை குடியுரிமை தரவில்லை. நாடற்றவர்களுக்கான நான்சென் பாஸ்போர்ட்தான் கையில் இருந்தது. உயிரோடிருக்கையில் வெளிவந்தது 1936-ல் வந்த ஒரே தொகுப்பு.

அந்தத் தொகுப்பைப் படித்தவர்கள் 1942-ல் அவர் எழுதியதைப் படித்தால் ஒரே கைதானா என்று கேட்பார்கள். தலைப்புக்கூட இல்லாத சிறு கவிதை அது. ரோமக் கவி ஹொராஸ், தன் எழுத்து தன்னோடு சாகாது என்று பெருமையோடு சொன்ன இடத்திலிருந்து தொடங்குகிறது. போலந்தின் மகாகவி ஸ்வொவாட்ஸ்கி எழுதிய உயில் கவிதை அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். தன் ஆன்ம பலத்தைப் பின்வரும் தலைமுறைக்கு எழுதி வைத்தவர் அவர். கின்சான்கா அதே உயில் வடிவத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் எழுதி வைக்க என்ன இருக்கிறது? கம்பளம், படுக்கை விரிப்பு, மெழுகுவர்த்தித் தண்டு போன்ற வீட்டுச் சாமான்கள். எழுதி வைக்க யார் இருக்கிறார்கள்? பிள்ளை குட்டி இல்லை. ஆகவே வாரிசு, காட்டிக்கொடுத்தவர்தான்.

இங்கேதான் அந்தக் கவிதை மற்றக் கவிதைகளிலிருந்து விலகுகிறது. ‘ஓ துரோகியே’ என்று பொதுவாகத் திட்டியிருந்தால் அதை எந்தத் தொகுப்பிலும் நிம்மதியாகச் சேர்த்துவிடலாம். அவர் பெயரைச் சொன்னார். ஹொமினோவா, லுவூஃப் ஊர்க்காரி என்று, பத்திர ஆபீசில் சொத்து விவரமும் வாரிசின் பெயரும் ஊரும் எழுதுவதுபோல எழுதினார். மகனையும் விடவில்லை. யூதர் வீட்டில் தங்கம் கிடைக்குமென்று தலையணைகளைக் கிழித்துத் தேடும் அண்டை வீட்டுக் கைகளையும் காட்டினார். அந்தக் கைகள் ஜெர்மானியக் கைகள் அல்ல. போருக்குப் பிறகு போலந்து பேச விரும்பாத விஷயம் அது.

கோபத்தில் எழுதிய வசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கோபம் இருக்கிறது, ஆனால் முகவரி எழுதத் தெரிந்த கோபம்.

கின்சான்கா பிறகு கிராக்கூவ் போய்ச் சேர்ந்தார். ஆர்மீனியப் பெண் என்று போலிக் காகிதங்கள். அவருடைய கண்களும் நிறமும் எந்தக் காகிதத்தாலும் மறைக்க முடியாதவை என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1944-ல் அங்கே பிடிபட்டார். சுட்டுக் கொன்றார்கள். வயது 27.

கவிதை பிழைத்தது. 1946-ல் ‘ஓத்ரொஜேனியே’ வார இதழில் அச்சேறியது. ஆசிரியர் கரோல் குரிலுக் யார் தெரியுமா? லுவூஃபில் அதே 8ஏ கட்டடத்தில் குடியிருந்த இலக்கியக் கும்பலில் ஒருவர். ஹொமினோவா என்ற பெயரை அச்சுக்கோத்தபோது அது யாரென்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாஜிகளுக்கு ஆள் காட்டிக்கொடுத்தவர்களைத் தண்டிக்கப் போலந்து 1944 ஆகஸ்ட் 31-லேயே ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. மரண தண்டனைக்கும் அதில் இடமுண்டு. 1948-ல் ஸோஃபியா ஹொமினோவாவும் அவர் மகன் மரியானும் கைதானார்கள். ஹொமினோவா குற்றத்தை மறுத்தார்.

வழக்கு ஆவணங்களில் கின்சான்காவின் கவிதையும் சேர்ந்தது. யோசித்துப் பாருங்கள். சாட்சி உயிரோடு இல்லை. சத்தியப் பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணைக்கு வழியில்லை. அந்தச் சாட்சி பேசுவதோ எதுகை மோனையில்! நம் ஊர்ச் செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு வக்கீல் இப்படி ஒரு காகிதத்தை நீட்டினால், எதிர்த்தரப்பு சிரித்தே சாகடித்துவிடும். கவிஞர் மிகைப்படுத்துவார், கற்பனை செய்வார், பிடிக்காதவரைப் பாட்டில் வைத்து ஏசுவார். இதெல்லாம் ஆதாரமா என்று கேட்டுவிடும்.

நீதிமன்றம் சிரிக்கவில்லை. தீர்ப்பு எழுதியபோது அந்தக் கவிதையை எடைபோட்டது. அம்மாவும் பிள்ளையும் ஒரே வழக்கில் நின்றார்கள். ஒரே தீர்ப்பு இருவருக்கும் வரவில்லை.

அம்மாவுக்கு என்ன, பிள்ளைக்கு என்ன?

(அடுத்த வாரம்)