தொழில் தொடங்க 35% மானியம்: யாருக்கு, எந்த ஊரில், எப்போது கிடைக்கும்? பி.எம்.இ.ஜி.பி. முழு விளக்கம்

"மானிய லோன் ரெடி, முதல்ல ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுங்க" என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் மெசேஜ் வந்திருக்கலாம். பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க. ஏன்னா, இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.

அது என்ன திட்டம்?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், சுருக்கமாக பி.எம்.இ.ஜி.பி. ஏற்கெனவே இருந்த 2 திட்டங்களை இணைத்து 2008-ல் மத்திய அரசு தொடங்கியது. 2021-22 முதல் 2025-26 வரை நீட்டித்து, 13,554 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எனவே தற்போதைய நிலவரத்தை உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

ஊரைப் பொறுத்து மானியம் மாறுமா?

ஆமாம். கிராமத்து இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போவதைக் குறைப்பதும் இதன் நோக்கம். அதனால் கிராமத்தில் தொடங்கினால் மானியம் அதிகம்.

• பொதுப் பிரிவு: நகரம் 15%, கிராமம் 25%
• சிறப்புப் பிரிவு: நகரம் 25%, கிராமம் 35%

பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் சிறப்புப் பிரிவில் வருவார்கள். வடகிழக்கு மாநிலங்கள், மலை மற்றும் எல்லைப் பகுதிகளுக்கும் இதே சலுகை உண்டு.

2022-ல் முன்னேற விழையும் மாவட்டங்களும் இதில் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் ராமநாதபுரம், விருதுநகர் இந்தப் பட்டியலில் உள்ளன. பஞ்சாயத்து எல்லைக்குள் இருந்தால் கிராமம், நகராட்சி, மாநகராட்சி என்றால் நகரம் என்பதே கணக்கு.

யார் விண்ணப்பிக்கலாம்?

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வருமான உச்சவரம்பு இல்லை. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்ட மதிப்புக்கு மானியம் கிடைக்கும். உற்பத்தியில் 10 லட்சம், சேவையில் 5 லட்சத்தைத் தாண்டினால் 8-ம் வகுப்புத் தேர்ச்சி அவசியம்.

புதுத் தொழிலுக்கு மட்டுமே இது பொருந்தும். கணவன், மனைவியில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. மது, புகையிலை சார்ந்த தொழில்களுக்கு அனுமதி இல்லை.

மானியம் கையில் வருமா?

வராது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு பெண் கிராமத்தில் 20 லட்ச ரூபாயில் உற்பத்தி யூனிட் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போட வேண்டியது 5%, அதாவது 1 லட்சம். (பொதுப் பிரிவு என்றால் 10%.) மீதி 19 லட்சத்தை வங்கி தரும். மானியமான 7 லட்சம் அவர் கைக்கு வராமல், வங்கியிலேயே 3 ஆண்டுகள் வைப்பில் இருக்கும். அந்த 7 லட்சத்துக்கு வட்டி கிடையாது. மீதி 12 லட்சத்தை வட்டியோடு அவர் கட்ட வேண்டும்.

3 ஆண்டுகள் கழித்து, யூனிட் உண்மையிலேயே இயங்குகிறதா என நேரில் ஆய்வு நடக்கும். இயங்கினால் மானியம் கடனில் கழிக்கப்படும். யூனிட்டே இல்லை என்றால் மானியம் கைவிட்டுப் போகலாம், கடன் மட்டும் மிஞ்சும்.

எப்படி விண்ணப்பிப்பது?

ஆன்லைனில் மட்டும்தான். மாவட்டத் தொழில் மையம், காதி ஆணையம், மாநில கதர் வாரியம், கயிறு வாரியம் ஆகியவை விண்ணப்பங்களைப் பரிசீலித்து வங்கிக்கு அனுப்பும். கடன் தருவதா இல்லையா என்ற முடிவு வங்கியின் கையில்தான் இருக்கிறது. எந்த புரோக்கராலும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. தொழில்முனைவோர் பயிற்சியும் உண்டு. 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

போகும் முன் என்ன தயார் செய்யணும்?

திட்ட அறிக்கையை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். மெஷின் விலை எவ்வளவு, சரக்கை யார் வாங்குவார்கள், மாதம் எவ்வளவு மிஞ்சும் என்பதை வங்கி மேலாளர் கேட்பார். மானியத்தைக் கணக்கில் சேர்க்காமலே மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். முடியும் என்றால் தைரியமாக விண்ணப்பிக்கலாம்.