புல்லட்டின் ரெண்டு ஆயில் பம்புகள்

ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013-ல் ஓட ஆரம்பிப்பதற்குள் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் வண்டிகள் இன்னும் தெருவில் ஓடுகின்றன. அவற்றில் எண்ணெய் பார்க்கும் முறை காருக்கு நேர் எதிர். காரணம், பம்ப்.

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த 350 சிசி எஞ்சினில் பம்ப் ரெண்டு. கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் ஒரு தண்டைச் சுற்றும். அதன் ஒரு நுனியில் ஃபீட் பம்ப், மறு நுனியில் ரிட்டர்ன் பம்ப். கிராங்க்கேஸின் பின்புற அறையில் இருக்கும் எண்ணெயை முதல் பம்ப் கிராங்குக்கு அனுப்பும். வேலை முடிந்து கீழே வடிந்ததை அடுத்தது அள்ளி மேலே தள்ளும். அள்ளுகிற பம்புக்குத்தான் கொள்ளளவு அதிகம். இல்லாவிட்டால் கிராங்க் எண்ணெயில் முங்கிவிடும்.

சிக்கல் வண்டி நிற்கும்போது. பம்ப் தேய்ந்திருந்தால் பின்னறை எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஒரு மாசம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவினால் காய்ந்து கிடக்கும். 'அடடா, குறைஞ்சிருச்சே' என்று ஊற்றினால் போச்சு: ஸ்டார்ட் செய்ததும் இறங்கினதெல்லாம் திரும்பி வரும், மிச்சம் பிரீதர் வழியாக வெளியே கொட்டும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, அப்புறம்தான் அளக்கணும்.

எண்ணெய் மாற்றினபிறகு இன்னொரு வேலை உண்டு. ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, எண்ணெய் அங்கே எட்டுகிறதா என்று பார்க்கணும். அந்தக்கால பிக் எண்டில் இருந்தது மிதக்கும் புஷ். எண்ணெய் வரவில்லை என்றால் அது சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து வெளிவரும் கார்களில் எண்ணெய் கீழே சம்ப்பிலேயே கிடக்கும். நிறுத்திச் சில நிமிஷம் வடியவிட்டு அளந்தால் சரி. டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு மட்டும் வேற கதை: அது காட்டுவது அளவை இல்லை, அழுத்தத்தை. எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்தணும்.