அடிச்சவன் ஒருத்தன், கேட்டவன் ஒருத்தன்

எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் காட்டில் வேலை இருக்காது. மானாவாரி பூமி. கேழ்வரகும் சாமையும் அறுத்து எப்போதோ வீடு வந்து சேர்ந்திருக்கும். அடுத்த மழைக்கு ஏர் பூட்டுகிறவரை கை சும்மாதான் இருக்கும். அந்தச் சும்மாக் காலத்தில்தான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், தர்மராஜா கோயிலில் பாரதம் வைப்பார்கள்.

பாரதம் வைப்பது என்றால் ஒருநாள் கூத்தோடு முடிகிற காரியமில்லை. பத்து நாள், பதினெட்டு நாள் என்று போகும். மத்தியானம் பிரசங்கியார் பாரதம் படிப்பார். ராத்திரி அந்தக் கதை கூத்தாக விடிய விடிய நடக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். கடைசி நாள் படுகளம். ஆள் உயரத்தைப்போலப் பல மடங்குக்குத் துரியோதனனை மண்ணால் செய்து தரையில் படுக்கப் போட்டிருப்பார்கள். வேஷக்காரர்கள் அதைச் சுற்றி ஓடுவார்கள், திரௌபதி கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. தர்மபுரி மாவட்டத்துக் கோடைக்கு இதைவிடப் பெரிய இசை விழா கிடையாது.

பட்டணத்துச் சபாக்காரர்களுக்கு மார்கழிதான் இசைக்காலம். அதற்கும் தெய்வீகத்துக்கும் பெரிய சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதை ஒட்டி ஓர் இசை மாநாடு நடத்தினார்கள். அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அவர்களுடைய சீசனை அப்படி ஒரு மாநாடு முடிவு செய்தது. எங்களுடைய சீசனை மழை முடிவு செய்தது.

பரீட்சை முடிந்த ஒரு கோடை. 1986 என்று நினைவு. நானும் என் கூட்டாளியும் எங்கள் ஊர்க் கூத்துப் பார்க்கப் போனோம். ஒரே தெரு, ஒரே பெஞ்சு, ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். அவனுடைய அப்பா சேரியின் மூத்த மேளக்காரர். நாங்கள் தப்பட்டை என்போம், தஞ்சாவூர்ப் பக்கம் தப்பு என்கிறார்கள், புத்தகத்தில் பறை. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் நின்றுகொண்டே அடித்திருந்தார். கரகம் எடுத்துவர மேளம், சாமி புறப்பட மேளம், ஊர்க்கவுண்டரை வீட்டிலிருந்து அழைத்துவர மேளம்.

கூத்துக் களரியில் முன்னால் மணல் கொட்டி, சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். நாங்களும் போய் உட்கார்ந்துவிட்டோம். கட்டியங்காரன் வந்து இரண்டு சிரிப்புக்கூட முடியவில்லை. ஒரு கை வந்து என் கூட்டாளியின் தோளைப் பிடித்துத் தூக்கியது. “மேளக்காரன் பையன்தானே நீ? உங்கப்பன் அங்க நிக்கிறான், உனக்கு இங்க இன்னாடா வேலை? போய் வக்கப்புல்லு எடுத்துப் போடு.” என்னைத் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. நானே எழுந்து போய்விட்டேன்.

கோயிலுக்குப் பின்னால் அவன் அப்பா வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, தோல் சூடாகவே இருக்கவேண்டும். மீதி ராத்திரி முழுக்க அங்கே உட்கார்ந்துதான் கூத்துப் பார்த்தோம். சேரிச்சனம் எல்லாருக்குமே அந்தப் பக்கம்தான் இடம். கர்ணன் ஆடியது எங்களுக்கு முதுகுதான். முகத்தில் என்ன வேஷம் எழுதியிருந்தது, அழுதானா சிரித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் அப்பா எத்தனையோ வருஷம் அந்தத் திருவிழாவுக்கு அடித்தவர். “கர்ண மோட்சம் எப்படிண்ணா இருக்கும்?” என்று யாராவது கேட்டால், “சத்தம் நல்லா இருக்கும்” என்பார்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1792இல் பாராமகால் திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அளந்தார்கள், தீர்வை போட்டார்கள். பின்னால் மாகாணம் பூராவும் பரவிய ரயத்துவாரி முறைக்குப் பிள்ளையார் சுழி போட்ட மண் இது. மன்றோ தர்மபுரியில் குடியிருந்ததை நம் மாவட்டத்துக்குப் பெருமையாக இன்றும் எழுதுகிறார்கள். உழுகிறவனோடு சர்க்கார் நேராகக் கணக்கு வைத்துக்கொண்டது என்பார்கள். அந்தக் கணக்கில் வெட்டியான் ரயத்து அல்ல, கிராமத்து ஊழியன். அவனுக்குக் களத்துமேட்டில் சில படி தானியம், சில ஊர்களில் ஒரு துண்டு மானியம். பதிலுக்குத் தண்டோரா போடவேண்டும், சாவு சொல்லப் போகவேண்டும், செத்த மாடு தூக்கவேண்டும், பிணத்துக்கும் அடிக்கவேண்டும், சாமிக்கும் அடிக்கவேண்டும். மேளத்தை இந்தக் கட்டிலிருந்து தனியாகப் பிரித்து எடுத்து, ‘கலை’ என்று ஒரு தட்டில் வைக்க அன்றைக்கு யாரும் வரவில்லை. அடிக்க மாட்டேன் என்றால் தானியமும் நின்றது, குடியிருப்பும் ஆடிப்போனது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. நல்ல காரியம். ஆனால் 1986இல் என் கூட்டாளியின் அப்பா பரம்பரையாகத்தான் அடித்துக்கொண்டிருந்தார். சாமிக்கு அடிக்கிற மேளம் எந்தச் சர்க்கார் கணக்கிலும் எழுதாத வேலை. எழுதாத பதவியை எந்தச் சட்டத்தால் ஒழிப்பது?

ஒழித்தவர்கள் அடித்தவர்கள்தான். இதே கட்டு மகாராஷ்டிரத்தில் மகர் வதன் என்ற பெயரில் இருந்தது. அதைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் ஊர் ஊராகப் போய், பறையடிக்காதே, செத்த மாடு தூக்காதே என்று சொன்னார். 1952இல் முதல் நாடாளுமன்றத்துக்குப் போனவர். 1965இல் இந்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்கு அவர்தான் தலைவர், 1969இல் அறிக்கை வந்தது. தன் வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘சித்திரை நெருப்பு’. அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வைக்கோல் நெருப்புதான் ஞாபகம் வருகிறது. அவர் என்ன நினைத்து வைத்தாரோ, இது என் ஞாபகம்.

எங்கள் சேரியில் மேளம் நின்றது 1992 சித்திரையில். அதற்கு முந்தின வருஷம் அம்பேத்கர் நூற்றாண்டு. தெருவுக்கு ஒரு படமும் பலகையும் வந்திருந்தன. படித்த பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, இனி சாவுக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை என்று முடிவெடுத்தோம். முன்னால் நின்று பேசியவன் என் கூட்டாளி. ஊரிலிருந்து ஆள் வந்தது, மிரட்டிப் பார்த்தார்கள், பிறகு கெஞ்சியும் பார்த்தார்கள். மூன்று மாதம் காட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை, கடையில் கடன் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து பேண்டு செட்டு கொண்டுவந்து திருவிழாவை நடத்தினார்கள். நாங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டோம். ஜெயித்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் மேளக்காரரை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரோரம் குந்தியிருந்தார். முடிவு சொன்னதும் எழுந்துபோய்ச் சட்டத்தைப் பரணில் போட்டார். கூலியில் பாதியைச் சாராயமாகக் கொடுத்து அவரைக் குடிக்க வைத்தது ஊர். ‘குடிகார மேளக்காரன்’ என்று சொல்லிக்காட்டியது நாங்கள். அப்புறம் இன்னொன்று. மேளத்தை விட்டால் முன்வரிசை மணலில் உட்காரலாம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அது நடக்கவில்லை. மேளம் நின்றதும் அந்தத் திருவிழாவுக்கே எங்களுக்குப் போக்கில்லாமல் போயிற்று. முதுகுப் பக்கமும் போனது.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் பரணில் போட்ட அதே வருஷங்களில் மற்ற இடங்களில் அதைக் கையில் எடுத்தார்கள். கே.ஏ. குணசேகரன் சேரிப் பாட்டை மேடைக்கு மேடை கொண்டுபோனார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் பறையைக் கொண்டுவந்தார். அங்கிருந்த தலித் ஆதார மையம் தலித் கலை விழா நடத்தியது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை இடுப்பில் கட்டினார்கள். மக்கள் கலை இலக்கியக் கழகம் தஞ்சாவூரிலேயே தமிழ் மக்கள் இசை விழா வைத்தது. இழிவின் அடையாளம் கலகத்தின் அடையாளமாகிறது என்று கட்டுரை எழுதினார்கள். நானும் எழுதினேன். 1990களின் நடுவில் அப்படியொரு கலை விழாவுக்கு அவனைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை வந்தான், டீ குடித்தான், என்னை மட்டும் ஏற்றிவிட்டான்.

“உனக்கு அது கலைடா. எனக்கு எங்கப்பன் கையில இருந்த கொப்புளம்” என்றான்.

நான் விடவில்லை. புத்தகத்தைக் காட்டினேன். தகடூர் நம்முடைய ஊர், அதியமான் நெடுமான் அஞ்சி இங்கே இருந்தவன், ஔவை அவனுக்குச் சிநேகிதி. நெல்லிக்கனிக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள், அவளுடைய தண்ணுமையைச் சொல்வதில்லை. புறநானூற்றில் 89ஆம் பாட்டு. உங்கள் நாட்டில் சண்டைக்கு ஆள் உண்டா என்று எதிரி அரசன் விறலியைக் கேட்கிறான். பொதுவிடத்தில் தொங்குகிற தண்ணுமையில் காற்று மோதிச் சத்தம் கேட்டாலே, போர் வந்துவிட்டதா என்று கிளம்புகிற தலைவன் எங்களுக்கு உண்டு என்கிறாள் அவள். பார்த்தாயா, வாத்தியம் பொதுவிடத்தில் தொங்கியிருக்கிறது, தீட்டு என்று ஒதுக்கி வைக்கவில்லை என்றேன். தண்ணுமை வேறு, தப்பட்டை வேறு என்று புலவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அவன் பொறுமையாகக் கேட்டான். “சரிடா. அதை அடிச்சவன் பேரு அந்தப் பாட்டுல இருக்குதா?” என்றான்.

இல்லை.

அந்தக் கேள்வியைப் பதில் சொல்லாமல்தான் இத்தனை காலம் வைத்திருக்கிறேன். பறை நம் பெருமை என்பவர்களும், பறை நம் இழிவு என்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்துவிட்டோம். இரண்டு பேருமே வாத்தியத்தைப் பற்றிப் பேசினோம். அதை அடித்தவன் எங்கே நின்றான், எதைக் கேட்டான், கேட்க உட்கார விட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. வேப்பங்கட்டையை மூன்று துண்டாக வளைத்துச் சேர்ப்பதையும், புளியங்கொட்டைப் பசையில் தோல் ஒட்டுவதையும், அடிக்குச்சி சுண்டுக்குச்சி வித்தியாசத்தையும் இப்போது பயிற்சி முகாமில் சொல்லித் தருகிறார்கள். கூத்தை முதுகுப் பக்கமிருந்து பார்த்தவனின் வரலாற்றுக்கு முகாம் கிடையாது.

2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். இளவரசனும் திவ்யாவும் செய்துகொண்ட சாதி மறுப்புத் திருமணம்தான் சாக்கு. பக்கத்தில் நாயக்கன்கொட்டாய். தனிக்குவளைக்கு எதிராக நக்சல்பாரி இளைஞர்கள் ஒருகாலத்தில் போராடிய இடம், அப்பு, பாலன் நினைவுச் சின்னம் நிற்கிற இடம். அடுத்த வருஷம் ஜூலை 4ஆம் தேதி இளவரசன் தர்மபுரியில் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். இரண்டு தேதிக்கும் நடுவில் வந்த கோடையில் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் மட்டும் ஊற்றினோம். மேளம் இல்லை, ரேடியோ செட்டும் இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒருவருக்கும் மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு உலகம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. 2018இல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம், சபாக்காரர்களின் மாதத்திலேயே ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். செய்தியை அவனிடம் படித்துக் காட்டினேன். “பேரு வந்துடுச்சே” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

போன சித்திரையில் பக்கத்து ஊர்க் காலனியில் மாரியம்மன் திருவிழா. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் பறையாட்டம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். இந்தத் தடவை கூப்பிட்டதும் வந்தான். நாற்காலி போட்டிருந்தார்கள், முன்வரிசையில் இரண்டு காலியாக இருந்தன. நான் உட்கார்ந்தேன். அவன் உட்காரவில்லை, பின்னால் டீக்கடைப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சலங்கை கட்டி எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். எங்கள் அம்மாக்கள் தப்பட்டையைத் தாண்டிக்கூட நடக்கமாட்டார்கள். நல்ல அடி, வேகம், சுற்றிச் சுற்றி ஆடினார்கள். சனம் விசில் அடித்தது.

பாதியில் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் சரியில்லை. எழுந்து போனேன்.

“சாமி வெளிய வர்ற நேரத்துல இதப் போய் அடிக்கிறாங்களேடா. இது பொணம் தூக்குற அடி.” வலதுகை விரல் பந்தல்காலில் அதே அடியைத் தட்டிக்கொண்டிருந்தது, அவனுக்குத் தெரியாமலே. “சாமிக்கு இப்டி வராது. மூணாவது தட்டுல சுண்டுக்குச்சி நிக்கணும்.”

ஆட்டம் முடிந்து அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தண்ணீர் குடிக்கப் பந்தலுக்கு வந்தாள். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது காதில் விழுந்திருக்கவேண்டும். பறையை நீட்டிக்கொண்டு, “பெரியப்பா, உங்களுக்கு அடிக்கத் தெரியுமா? சாமி அடி எங்களுக்கு யாரும் சொல்லித் தரல” என்றாள்.

அவன் அந்தத் தோலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“தெரியாதும்மா” என்றான்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. நடந்தே வந்தோம். வழியில் எங்கள் ஊர்க் கூத்துக் களரி இருட்டில் கிடந்தது. இரண்டு பேரும் நின்று அதைப் பார்த்தோம். எந்தப் பக்கம் முன்னால், எந்தப் பக்கம் பின்னால் என்று வெறும் களரியில் கண்டுபிடிக்க முடியவில்லை.