பார்க்கே மரத்தளம்: புதுப்பித்தலின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கட்டடக்கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் மேல்நோக்கியே பார்ப்பர். தூண், வளைவு, கூரை என்பனவற்றுக்குக் கிடைத்த கவனம் காலடியிற் கிடக்கும் தளத்திற்குக் கிடைக்கவில்லை. ஆயினும் வீடொன்றிலே மனிதர் இடையறாது தொடும் பகுதி தளமேயாகும். அதிகம் தேய்வதும், அதனால் அடிக்கடி புதுப்பிக்கப்படுவதும் அதுவே. ஐரோப்பிய வீடுகளிற் காணப்படும் பார்க்கே என்னும் மரத்தளத்தைப் பேணியவர் யாவர், பேணுதலில் அத்தளம் எதனை இழந்தது என்பவற்றை இக்கட்டுரை நோக்குகின்றது. பழைய தளமொன்றைத் தம் வீட்டிலே புதுப்பிக்க முனைவோரின் பிரச்சினையும் இவ்வரலாற்றினுள் அடங்கியதே.

பார்க்கே என்பது பிரெஞ்சுச் சொல். அடைக்கப்பட்ட சிறு இடம் என்பது அதன் முதற்பொருள். மரத்துண்டுகளை ஒரு கோலத்திற்கமைய இணைத்து அமைக்கும் தளத்துக்கு அது பின்னர் பெயராயிற்று. இவ்வமைப்பிலே அழகுணர்ச்சியோடு ஒரு பௌதிக நியாயமும் உண்டு. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் விரியும். வறண்ட காலத்திற் சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சொற்பம். அகன்ற பலகை வளைந்து வெடிக்கக்கூடிய இடத்திற் சிறு துண்டுகள், இழையோட்டம் வெவ்வேறு திசைகளில் அமைய, அவ்விரிவைத் தமக்குள்ளே பங்கிட்டுக்கொள்கின்றன.

இத்தளம் பெரும்புகழ் பெற்றது பதினான்காம் லூயி மன்னனின் வேர்சாய் அரண்மனையிலேயாகும். அங்கு முன்னர் இடப்பட்டிருந்த சலவைக்கற்களை அடிக்கடி கழுவவேண்டியிருந்தது. கழுவிய நீர் கீழிறங்கித் தாங்கு மரங்களை உழுத்துப்போகச் செய்தது. எனவே 1684 ஆம் ஆண்டளவிலே கல் அகற்றப்பட்டு மரம் இடப்படலாயிற்று. ஏறத்தாழ ஒரு மீற்றர் சதுரமான சட்டங்கள், அவற்றினுள்ளே குறுக்காகப் பின்னிய ஓக் துண்டுகள், துளையும் கழுந்துமாக இணைந்து மர ஆணியால் இறுகிய மூட்டுகள் என அமைந்த அக்கோலம் இன்றும் வேர்சாயின் பெயராலேயே வழங்குகின்றது. மன்னனின் ஆடம்பரமென நாம் கருதும் ஒன்று ஒழுகும் நீருக்குப் பரிகாரமாக வந்தமை சுவையானது.

கல்லைக் கழுவியவர் போய், மரத்தை மினுக்குபவர் வந்தனர். பிரெஞ்சு மொழியிலே இவர்கள் 'புரொத்தேர்', அதாவது தேய்ப்பவர், எனப்பட்டனர். தளத்திலே மெழுகு பூசி, காலிலே தூரிகையைக் கட்டிக்கொண்டு, நடனம் ஆடுவார்போல அறை முழுவதும் வழுக்கித் தேய்ப்பது அவர் தொழில். இம்முறையில் மரம் மிகச் சொற்பமாகவே தேய்ந்தது; தேய்ந்தது மனித உடலே. குறைந்த கூலிக்குக் கைகள், அன்றேற் கால்கள், கிடைத்தவரை தளம் நீடித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1853 ஆம் ஆண்டிலிருந்து ஹௌஸ்மானின் மேற்பார்வையிற் பாரிஸ் நகரம் இடித்துக் கட்டப்பட்டபோது, அரண்மனைக்குரிய தளம் மத்தியதர வர்க்கத்தின் அடுக்குமாடி வீட்டினுட் புகுந்தது. மீன்முள் போன்ற கோலம் அவ்வீடுகளின் அடையாளமாயிற்று. இத்தளங்களிற் பணிபுரிந்தோரை நாம் முகமுகமாகக் காண உதவுவது குஸ்தாவ் கயிபொத் 1875 இல் வரைந்த ஓவியமாகும். மூவர் மேலாடையின்றி முழந்தாளிட்டுத் தளத்தைச் சீவுகின்றனர். சுருள் சுருளாகச் சீவல் கிடக்கின்றது. அருகே ஒரு மதுப்போத்தல். கருமையான பூச்சும் சீவப்பட்ட வெளிறிய மரமும் மாறிமாறி வரிகளாகத் தெரிகின்றன. கோலத்தளமாக அன்றி நீண்ட பலகைத் தளமாக அது இருப்பதையும் கவனிக்கலாம்; பிரெஞ்சு வழக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

அவ்வாண்டின் அரச ஆதரவுபெற்ற கண்காட்சி இவ்வோவியத்தை ஏற்க மறுத்தது. 1876 இல் மனப்பதிவுவாதிகளின் இரண்டாவது கண்காட்சியில் அது இடம்பெற்றது. நகரத் தொழிலாளியின் வெற்றுடல் கலைக்கு ஏற்ற பொருளன்று என்பது அக்கால ரசனை. எமிலி சோலாவோ, நிழற்படத்தை ஒத்த துல்லியம் கலையாகாது எனக் குறைகூறினார். அதே ஆண்டிற் பாரிஸ் தொழிலாளர் வாழ்வைத் தமது நாவலொன்றிலே தொடராக வெளியிடத் தொடங்கியவரும் அவரே. செல்வந்தரான கயிபொத் கண்டதை அவர் காணத் தவறியமை வியப்பே.

ஓவியம் காட்சிக்கு வைக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1877 இல், வில்லியம் மொறிஸ் இலண்டனிலே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தாபித்தார். 'சுரண்டலுக்கு எதிரானது' என்பது அச்சங்கத்தின் செல்லப்பெயர். தேவாலயச் சுவர்களின் பழஞ்சாந்தைச் சுரண்டியெடுத்து அவற்றைப் 'பழைய நிலைக்கு' மீட்பதாகக் கூறியோரையே மொறிஸ் எதிர்த்தார். மரத்தளம் அவரது விவாதப்பொருளன்று. ஆயின் கேள்வி ஒன்றே: கால அடையாளங்களைச் சீவி எறிந்தபின் எஞ்சுவது பழையதா, புதியதா? கட்டடமொன்றை, எக்காலத்திலும் இருந்திராத முழுமைக்குக் கூடக் கொண்டுவருவதே புதுப்பித்தல் எனப் பிரான்சிலே வியொலே-லெ-டுக் கருதினார். றஸ்கின் 1849 இலேயே அத்தகைய புதுப்பித்தலை அழிவு என்று கண்டித்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. உருளையிலே அரத்தாள் சுற்றிய மின்னியந்திரம், மூவர் நாட்கணக்கிற் செய்த வேலையைச் சில மணித்தியாலங்களில் முடிக்கும். ஓரிடத்திற் சற்றே நின்றாலும் அங்கு குழி தோண்டிவிடும். பின்னர் வந்த பொலியூறத்தேன் பூச்சு மெழுகிடும் உழைப்பையும் இல்லாதொழித்தது. ஆனால் அது தேய்ந்தபோது முழுத்தளத்தையும் மீண்டும் அரைக்கவேண்டியதாயிற்று. 1941 இற் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் கேர் பல படைகளாலான பார்க்கேக்குக் காப்புரிமை பெற்றார். அதிலே மேற்படை மட்டுமே உயர்ந்த மரம். உழைப்பைச் சேமித்த ஒவ்வொரு படியிலும் விலையாகக் கொடுக்கப்பட்டது மரத்தின் தடிப்பே என்பது எமது கணிப்பு.

இத்தடிப்பு மிகவும் வரையறுக்கப்பட்டது. துண்டொன்றின் விளிம்பிலுள்ள நாக்கு அடுத்ததன் காடியினுட் புகுந்து நிற்கும். நாக்குக்கு மேலுள்ள சில மில்லிமீற்றர் மட்டுமே தேயக்கூடிய பகுதி. அது முடிந்தால் காடியின் உதடு பிளந்து தளமும் முடியும். எனவே வீட்டிலே புதுப்பிக்க முனைபவர் முதலில் வாசலோரத்துத் துண்டொன்றைக் கழற்றி எஞ்சிய தடிப்பை அளத்தல் வேண்டும். பழைய மெழுகுதான் கறுத்திருப்பின், கரைப்பானும் மெல்லிய உருக்குப் பஞ்சும் கொண்டு இழையோட்டத்தின் வழியே துடைத்தாற் போதும், அரைக்கத் தேவையில்லை. தாரிற் பதிக்கப்பட்ட துண்டுகளாயின் அடிப்புறத்துத் தாரைத் தட்டி நீக்கியே மீளப் பதிக்கலாம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரிய கரிய பசைகள் சிலவற்றிற் கல்நார் கலந்திருந்தமையால், பரிசோதிக்காமல் அவற்றை உலர்நிலையில் அரைப்பது உயிருக்கே ஆபத்தானது.

உடைந்த துண்டுகளுக்கு ஈடு தேடுவோர் அதே அறையின் அலுமாரிக்குக் கீழே தேடுவது நன்று. அங்குள்ளவை அதே மரம், அதே வயது. அவற்றை நடைபாதைக்கு மாற்றிப் புதியவற்றை அலுமாரியின் கீழ் இடலாம். 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், நினைவுச் சின்னங்களில் ஈடுசெய்த பகுதி முழுமையோடு இசைந்தும் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தது. வீட்டுக்கு அவ்விதி கட்டாயமன்று. எனினும் புதுத்துண்டின் அடிப்புறத்தில் ஆண்டினைப் பென்சிலாற் குறித்துவைப்பதற்கு அதிக நேரம் செல்லாது. அடுத்தமுறை அதனைக் கழற்றுபவர் அதை வாசிப்பார்.